சந்தனப் பொட்டு வைத்த டேப் ரெக்கார்டர்

என் வீட்டுக்காரருக்குக் காலிங் பெல் சத்தம் ஆகாது. மற்ற வீடுகளில் பெல் அடித்தால் யாராவது எழுந்து போய்க் கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் ராமசுவாமி முதலில் டி.வி.யை அணைப்பார், பிறகு சட்டை போட்டுக்கொள்வார், பிறகு ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று யார் என்று பார்ப்பார். அதற்குள் கூரியர்காரன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். ரிட்டையர் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் தலையெழுத்து, இன்னும் அதிகமாயிற்று.

மாயவரத்துக்காரர். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஹைதராபாத் வந்து, மத்திய அரசாங்கத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர். குஷாய்குடாவில் 'ஃபாக்டரி' என்றால் எல்லாருக்கும் அதுதான். ஃபோர்மேனாக வெளியே வந்தார். ஒரு நாள் லேட் இல்லை, ஒரு மெமோ இல்லை. ரயிலில் போனால் ரிசர்வேஷன் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், டி.டி.ஆர். வந்தால் வேர்த்துக் கொட்டும். நானோ முப்பது வருஷம் ஸ்கூல் டீச்சர். கத்துவது எனக்குத் தொழில். என் கத்தலுக்கு அவர் ஒரு நாளும் பயந்ததில்லை. பயத்தை முழுக்க ஒரே இடத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அது ஃபாக்டரியில் திருட்டுப் புரட்டை விசாரிக்கிற விஜிலென்ஸ் ஆபீஸ்.

காரணம் எனக்குக் கல்யாணமான முதல் வருஷமே தெரியும். பரணில் பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கேசட் கிடந்தது. என்னவோ பாட்டு என்று எடுத்துப் போட்டேன். குளித்துக்கொண்டிருந்த மனுஷன் சோப்பு நுரையோடு ஓடி வந்து நிறுத்தினார். அப்புறம் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, குசுகுசுவென்று கதையைச் சொன்னார்.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஃபெலிக்ஸ் என்று ஒரு சிநேகிதர். திருச்சி பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்த டிரைவரின் பிள்ளை. அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 'அவுட்டர் சிக்னல்' என்று ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். அந்த மாதிரி சங்கீதத்துக்குப் போஸ்ட்-பங்க் என்று பேராம். பேஸ் கிடார் மாடு மாதிரி முன்னால் நடக்கும், டிரம்ஸ் பின்னாலேயே விரட்டும், பாடுகிறவன் எங்கோ தூரத்தில் நின்றுகொண்டு இங்கிலீஷில் புலம்புவான். எனக்கு அதைச் சங்கீதம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் ராமசுவாமிக்கு அது உயிர். வாசிக்கத் தெரியாது, பதிவு செய்யத் தெரியும். அவர் செக்‌ஷனில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. அந்த மாதிரி மிஷின் அப்போது ஊரில் யாரிடமும் கிடையாது.

ஃபாக்டரியில் ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பொரி கடலை கொடுப்பார்கள். குடும்பத்தோடு எல்லாரும் உள்ளே வரலாம். சாயங்காலம் வெளியே போகிறவர்கள் கையிலெல்லாம் பொரிக்கூடை, வாழைக்கன்று, பூசணிக்காய். மற்ற நாளில் டிபன் டப்பாவைக்கூடத் திறந்து பார்க்கும் கேட்டில் அன்றைக்கு மட்டும் சோதனை கிடையாது. ராமசுவாமி அந்த ரெக்கார்டரைப் பெரிய கூடையில் வைத்து, மேலே வாழையிலை போட்டு, பொரியைக் கொட்டி, தலையில் தூக்கிக்கொண்டு வாட்ச்மேனுக்கு ஒரு கை பொரியும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். என் புருஷன்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நம்ப முடிவதில்லை.

தசரா லீவு முடிவதற்குள் ஃபெலிக்ஸ் வீட்டு முன்னறையில் முழு ஆல்பமும் பதிவாகிவிட்டது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது, ஆயுத பூஜையன்று மிஷினை ஓட்டக் கூடாது. இவர் ஓட்டினார். ஆனால் சாமிக்கு வைத்த சந்தனத்தை விஜயதசமிக்கு முன்னால் துடைக்க மட்டும் மனம் வரவில்லை. அது காய்ந்து, பொடியாகி, ஓடுகிற டேப்பில் உதிர்ந்து, பாட்டு முழுக்கக் கரகரவென்று ஒரு சத்தம். அந்த டேப்பிலிருந்து கொஞ்சம் கேசட் எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள், பரணில் கிடந்தது அதில் ஒன்று. லீவு முடிந்ததும் மிஷினைத் துடைத்து, வேலைக்கு உள்ளே போகிறவர்களை அப்போது சோதிப்பதில்லை என்பதால் பையில் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரமே அவர் செக்‌ஷனில் வெங்கட்ரமணன் என்பவர் டிபன் டப்பாவில் கொஞ்சம் தாமிரக் கம்பியோடு கேட்டில் பிடிபட்டார். விஜிலென்ஸில் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்களாம், உட்கார வைத்து டீ கொடுத்தார்களாம். அப்புறம் வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று லாரியில் கட்டில், தொட்டில், துளசி மாடம் எல்லாம் ஏறுவதை இவர் மரத்தடியில் நின்று பார்த்தார். வெங்கட்ரமணன் மனைவி யார் முகத்தையும் பார்க்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாளாம். 'கம்பிக்கே இப்படின்னா, மிஷினுக்கு?' என்று அன்றைக்கு மனதில் விழுந்த கேள்வி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இப்படியே காலம் போயிற்று. பெண் நித்யஸ்ரீ பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி குகட்பள்ளி போனாள். அவளிடம் இந்தக் கதையை மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

போன வருஷம் ஒரு நாள் காலையில் ஃபெலிக்ஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் வெளுத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அப்படியே. பெல்ஜியத்தில் ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனிக்காரன் எங்கிருந்தோ அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டுப் பித்துப் பிடித்து அலைகிறானாம். ஆல்பத்தை மறுபடியும் பெரிய பெட்டியாகப் போடப் போகிறார்கள். ஆல்பம் ஒரு தட்டு, இத்தனை நாள் ஃபெலிக்ஸ் டிரங்குப் பெட்டியில் கிடந்த மிச்ச டேப்பெல்லாம் இரண்டு தட்டு, பழைய மாதிரியே ஒரு கேசட், படங்களோடு தடியாக ஒரு புத்தகம். நாங்களும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், அவர் பெட்டியின் மூடிக்கு வரைந்த டிசைனைக் காட்டுகிறவரைக்கும்.

மூடி முழுக்க அந்த ரெக்கார்டர். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் வாடிய சாமந்தி மாலை. அன்றைக்கு யாரோ எடுத்த போட்டோ. கீழே மஞ்சள் பெயிண்டில் ஃபாக்டரி பேரும் மிஷின் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. அரசாங்கக் கம்பெனியில் ஸ்டூலுக்குக்கூட நம்பர் எழுதுவார்கள். புத்தகத்தில் 'ஒலிப்பதிவு: ராமசுவாமி' என்று தனிப் பக்கம்.

இவர் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டார்.

"நம்பர் வேண்டாம். என் பேரும் வேண்டாம். எடுத்துடச் சொல்லு."

"எதுக்குடா? நாப்பது வருஷம் ஆச்சு ராமு. அந்த மிஷினே செத்திருக்கும்."

"மிஷின் செத்தாலும் ஃபைல் சாகாதுடா. கல்பகத்துக்கு மாசாமாசம் ஊசி அந்தக் கார்டுலதான். பிடுங்கிண்டுட்டா என்ன பண்ணுவேன்?"

ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தார். எனக்கு மூட்டுவாதம். ஃபாக்டரி கொடுத்த மெடிக்கல் கார்டு இருக்கிறதால்தான் அந்த ஊசியும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம். இவர் சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஊசி என்ற வார்த்தையைக் கேட்டதும் அது அப்படியே நின்றுவிட்டது. ஃபெலிக்ஸ் கொஞ்ச நேரம் கெஞ்சினார், கொஞ்ச நேரம் திட்டினார். "அந்த ஆல்பத்துல பாதி நீதான்டா" என்றார். கடைசியில் காபியைக் குடிக்காமலே லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார். சொன்னபடி செய்துவிட்டதாகப் பிற்பாடு போனில் சொன்னார். அன்றைக்கு மட்டும் இவர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அதோடு விட்டதா சனி? பெட்டி வெளியாகப் போகிறது என்று ஏதோ இங்கிலீஷ் பேப்பர்காரர்கள் ஃபெலிக்ஸைப் பேட்டி கண்டார்கள். பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர் பேரைச் சொல்லவில்லை, கதையைச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை, பொரிக்கூடை, ஃபாக்டரி மிஷின், கில்லாடி டெக்னீஷியன் எல்லாம் வந்துவிட்டது. அதைப் படித்து முடித்ததும் இவர் பேப்பரை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

நான்கைந்து நாளில் போன் வந்தது. ஃபாக்டரி ஆபீஸிலிருந்து ஒரு பெண். ராமசுவாமி காருதானா, பழைய டேப் ரெக்கார்டர் விஷயமாகப் பேசணும், வியாழக்கிழமை வர முடியுமா என்று தெலுங்கில் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். இவர் "சரே அம்மா" என்றார். போனை வைத்த பிறகும் "சரே அம்மா, சரே அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"யாருன்னா?" என்றேன்.

"சிரிச்சுண்டே கூப்பிடறா, கல்பகம்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. நித்யஸ்ரீ போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தோம். இவர் என்னை ஆபீசராக உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வார். நான் கேட்பேன். பதில் சொல்லிக்கொண்டே வருவார், பாதியில் உண்மையை உளறுவார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு தடவை, ஆபீசர் மாதிரி அதட்டிக் கேட்டபோது இவர் கைகட்டி நின்ற நிற்பைப் பார்த்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. நிஜமாகவே கூப்பிட்டு, நிஜமாகவே கார்டை வாங்கிக்கொண்டுவிட்டால்? இந்த வயதில் மாயவரத்துக்குப் போய் யார் வாசலில் நிற்பது? லாரி முன் சீட்டில் ஏறிய அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அந்த வாரம் பாத்திரம் தேய்க்கும்போது, விளக்கேற்றும்போது, அவள்தான் என் கண்முன் வந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் முனிசிபாலிட்டி குப்பை ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. இவர் பரணிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தார். டேப்பை முழுக்க உருவி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, காய்கறித் தோலோடு கலந்து கொண்டுபோய்ப் போட்டார். இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒளிந்து குடியிருந்த ஒரே பாட்டு அது. ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. ஆட்டோ தெரு முனை திரும்புகிறவரை இவர் கேட்டருகில் நின்றார்.

வியாழக்கிழமை நானும் கூடவே போனேன். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. இத்தனை வருஷம் நிமிர்ந்து நுழைந்த கேட்டில் விசிட்டர் வரிசையில் நின்றோம். செக்யூரிட்டி என் பையை வாங்கி டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தான். தயிர்சாதம். இவர் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

எங்களைக் கூட்டிப்போனது விஜிலென்ஸ் பக்கம் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட புது அறை. மேஜையில் வர்ஷினி என்று பேர்ப்பலகை, பின்னால் எங்கள் பெண்ணைவிடச் சின்னவளாக ஒருத்தி. எழுந்து நின்று கும்பிட்டாள். காபி வந்தது, பிஸ்கட் வந்தது. ராமசுவாமி தொடவில்லை, எனக்கும் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஃபாக்டரியின் பழைய சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி அறை ஆரம்பிக்கப் போகிறார்களாம். பேப்பரில் படித்தாளாம். ஸ்டோர் ரூமில் தேடிப் பார்த்தால் அந்த மிஷினே கிடைத்துவிட்டதாம். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அது உட்கார்ந்திருந்தது. போட்டோவில் பார்த்த அதே மஞ்சள் நம்பர். நான் குனிந்து பார்த்தேன். மூடியின் திருகாணி ஓரத்தில், எந்தத் துணிக்கும் எட்டாத இடத்தில், ஒரு கோடு சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இவரும் பார்த்துவிட்டார். கை தானாக நீண்டு, அந்த இடத்துக்குப் பக்கம் வரை போய், திரும்பிவிட்டது.

அந்தப் பெண் இங்கிலீஷும் தெலுங்கும் கலந்து சொன்னாள். எடுத்துப் போனது தப்பு சரி என்று விசாரிக்க இல்லை சார், அதெல்லாம் யாருக்கு வேணும், உலகத்தில் எங்கேயோ நம்ம மிஷினில் செய்த வேலையைக் கேட்கிறார்கள், எங்களுக்குப் பெருமை. திறப்பு விழாவில் அந்த டெக்னீஷியன் மேடையில் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த நாளில் இந்த மிஷினைப் பார்த்துக்கொண்டது யார் என்று செக்‌ஷன் பேரை வைத்துத் தேடினோம், உங்கள் பேர் வந்தது, நீங்கள்தானே சார்?

எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. சொல்லுங்கோ என்று இவர் முழங்கையை இடித்தேன். இவர் மிஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்லம்மா. எங்க செக்‌ஷன்ல ரெண்டு ராமசுவாமி. அது வேற ராமசுவாமி."

இரண்டாவது ராமசுவாமி என்று ஒருவர் அந்த ஃபாக்டரியில் எந்தக் காலத்திலும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போயிற்று. சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கணும் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

ஆட்டோவில் வீடு வரும்வரை கத்தினேன். என்ன மனுஷன் நீங்கள், கூப்பிட்டு மாலை போடுகிறேன் என்கிறாள், உங்களுக்கு வாயில் கொழுக்கட்டையா என்றேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வெங்கட்ரமணனுக்கும் டீ கொடுத்தா கல்பகம்." கோபம் போய், இந்த மனுஷனை நினைத்து அழுகையாக வந்தது.

பெட்டி வந்து சேர்ந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஃபெலிக்ஸ் எங்களுக்கென்று ஒன்றை நித்யஸ்ரீ விலாசத்துக்கு அனுப்பியிருந்தார், இவர் வீட்டில் வாங்க மாட்டார் என்று தெரிந்து. ஞாயிற்றுக்கிழமை அவள் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியில் சந்தனமும் குங்குமமும் மட்டும் தெரிகிற மாதிரி போட்டோவை வெட்டியிருந்தார்கள். நம்பர் இல்லை. புத்தகத்தைப் புரட்டினேன். யாரோ வெள்ளைக்காரர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பாட்டு முழுக்க ஓடும் அந்தக் கரகரப்பு ஒரு நகரத்தின் அச்சத்தையே பதிவு செய்திருக்கிறதாம். அச்சமாவது, மண்ணாவது. சந்தனத்தூள். கடைசிப் பக்கத்தில் வாசித்தவர்கள், படம் எடுத்தவர்கள், கஞ்சிரா மாதிரி ஏதோ தட்டியவர் பேர்கூட இருந்தது. 'ஒலிப்பதிவு: பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. இவர் அந்த வரியை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லது" என்றார்.

எங்களிடம் தட்டு ஓட்டுகிற மிஷின் இல்லை. நித்யஸ்ரீ பெட்டியில் அச்சடித்திருந்த க்யூ.ஆர். கோடைப் போனில் காட்டி, மூன்றாவது தட்டில் இருப்பதை ஸ்பீக்கரில் வைத்தாள். இதுவரை வராத பதிவெல்லாம் அதில்தான். முதலில் கரகரப்பு. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போகிற சத்தம். பையன்கள் சிரிக்கிறார்கள், யாரோ தம்ளரை வைக்கிறார்கள். பாட்டுக்கு நடுவில் பேசினதையெல்லாம் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு குரல். கணீரென்று, அறை முழுக்க.

"நிறுத்து. சரியில்லை. மறுபடியும் முதல்லேர்ந்து. டேய், அந்தச் சந்தனத்தைத் தொடாதே, காயட்டும்."

சின்ன வயசு ஃபெலிக்ஸ் மெதுவாகக் கேட்கிறார். "ராமு, நாளைக்கு மாட்டிக்கிட்டா? உனக்குப் பயமா இல்லையாடா?"

அந்தக் குரல் சிரித்தது. "எதுக்குடா பயம்? மிஷின் என்கிட்ட இருக்கு. நீ பாடு."

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. இப்படிச் சிரித்தும் கேட்டதில்லை. எனக்கு வாழ்க்கைப்பட வேண்டிய ஆள் இவன்தானே, என்னிடம் ஏன் அவனைக் கொண்டுவரவில்லை என்று ஆற்றாமையாக இருந்தது. நித்யஸ்ரீ போனைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள். கண்ணெல்லாம் வெளிச்சமாக, அப்பா, இது நீதானா என்று தெலுங்கில் கேட்டாள்.

"நான்னா, இதி நுவ்வேனா?"

ராமசுவாமி ஸ்பீக்கர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் மறுபடியும் "ஸ்டார்ட்" என்று அதட்டியது. டிரம்ஸ் ஆரம்பித்தது. இவர் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. அது வேற ராமசுவாமி."

இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. வாசலில் பெல் அடித்தது. அவர் எழுந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.